யாகப்பரின் குதிரைக்குக் கீழே கிடப்பவர் யார்?

கரைவலை எழுதியது:

வணக்கம் உறவுகளே. சின்னச் சந்தேகம்தான், ஆனால் எங்கள் கோயில் சபையில் இரண்டு கிழமையாக இதுவே பெரிய சண்டை.

எங்கள் ஊர்ப் பாதுகாவலர் யாகப்பர், இயேசுவின் சீடர் யாக்கோபு. யூலை 25 திருநாள். அதற்கு முன் வர்ணம் தீட்டவென்று சொரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கினோம். மரச் சொரூபம். வெள்ளைக் குதிரை, அதன் மேல் யாகப்பர், கையில் வாள். குதிரையின் முன்காலடியில் ஒரு மனிதன் மல்லாந்து கிடக்கிறான், ஒரு கையை முகத்துக்கு மேலே தடுப்பதுபோல் தூக்கியபடி. பூமாலையும் பட்டுத் துணியும் எப்போதும் மூடியிருந்ததால் அவனை யாரும் வடிவாகப் பார்த்ததே இல்லை. வர்ணம் பூச வந்த தம்பி கேட்டான்: "அண்ணை, கீழ கிடக்கிறவற்ற தலைப்பாகைக்கு என்ன நிறம்?" தலைப்பாகை இருக்கிறது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் அம்மம்மா சின்ன வயதில் சொன்னது, அவன் ஒரு சூனியக்காரன், யாகப்பரோடு போட்டி போட்டுத் தோற்றவன் என்று. பொருளாளர் அது பேய் என்கிறார். பிரான்சிலிருந்து லீவில் வந்த ஒருவர், அது முஸ்லிம், உடனே கழற்றி எறியுங்கள் என்கிறார். கழற்றலாம், தனித் துண்டுதான், இரண்டு ஆணியில் நிற்கிறது.

எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. யாகப்பர் எங்களைப் போல மீன் பிடித்த ஆள். அவருக்குக் குதிரை எங்கேயிருந்து வந்தது?

மூப்பர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

அண்ணா, முதலில் எந்த யாகப்பர் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். பன்னிருவரில் இரண்டு யாக்கோபு உண்டு. அல்பேயுவின் மகன் யாக்கோபு சின்னவர். உங்களுடையவர் செபதேயுவின் மகன், அருளப்பரின் (யோவானின்) அண்ணன். இவர்தான் பெரியவர். போர்த்துக்கேய மொழியில் பெரியவருக்கு 'மையோர்'. சந்தியாகு மையோர் என்றது எங்கள் வாயில் சந்தியோகுமையோர் ஆகிவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

அவரைப் பற்றிப் பைபிளில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஆள் அப்படியே தெரிவார். மாற்கு 1:20ஐ எடுத்துப் பாருங்கள். இயேசு கூப்பிட்டபோது தகப்பனைக் 'கூலியாள்களோடு' வள்ளத்தில் விட்டுவிட்டு இரண்டு மகன்மாரும் போனார்கள். கூலியாள் வைத்துத் தொழில் செய்தவர் என்றால் எங்கள் பாசையில் என்ன? செபதேயு ஒரு சம்மாட்டி. யாகப்பர் சம்மாட்டி மகன். கூப்பிட்ட நேரம் வள்ளத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்.

குணமும் அதற்கேற்ற மாதிரி. சமாரியாவில் ஓர் ஊர் இடம் கொடுக்கவில்லை என்றதும், வானத்திலிருந்து நெருப்பை இறக்கி எரிக்கட்டுமா என்று அண்ணனும் தம்பியுமாகக் கேட்டார்கள். இயேசு கடிந்து பேசிவிட்டார். அந்த இருவருக்கும் அவர் வைத்த பட்டம் 'இடியின் மக்கள்'. தாய்க்காரி இன்னும் ஒரு படி மேலே. உமது அரசில் என் பிள்ளைகளில் ஒருவன் வலப்பக்கம், மற்றவன் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று நேரேயே போய்க் கேட்டா. எங்கள் கடற்கரையில் இப்படிப்பட்ட தாய்மார் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

பிறகு முடிவு. திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரம், ஒரே ஒரு வசனம். ஏரோது அரசன் அருளப்பரின் சகோதரன் யாக்கோபை வாளால் கொன்றான். அவ்வளவுதான். கி.பி. 44 அளவில். பன்னிருவரில் முதலில் உயிர் கொடுத்தவர் அவர். வாள் அவருடைய கையில் இருந்ததாக எங்கும் இல்லை. வாள் அவருடைய கழுத்தில்தான் விழுந்தது.

அம்மம்மா சொன்ன சூனியக்காரன் கதை பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது சும்மா கதை இல்லை.

வெட்டொன்று எழுதியது:

மீன்காரன் குதிரை ஏறினானாம், அதற்கு நிறம் கேட்டு ஒரு இழையாம். வேலையைப் பாருங்கப்பா.

ஓய்வு வாத்தியார் எழுதியது:

தம்பி வெட்டொன்று, வேலை இல்லாத ஓய்வுக்காரன் நான் இருக்கிறேன், நான் பார்க்கிறேன்.

நான் சைவம். நாற்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன், அதனால் கேள்விக்கு நேரே வருகிறேன். குதிரை ஸ்பெயினில் இருந்து வந்தது. கீழே கிடப்பவர், தலைப்பாகை உண்மையானால், மூர். வட ஆபிரிக்காவிலிருந்து போய் ஸ்பெயினில் ஆண்ட முஸ்லிம்களுக்கு அங்கே அந்தப் பெயர்.

கதை இப்படி. யாகப்பர் ஸ்பெயினுக்குப் போய் வேதம் சொன்னார், கேட்டவர்கள் சிலர்தான், மனம் சோர்ந்து சரகோசாவில் ஆற்றங்கரையில் இருந்தபோது மரியாள் ஒரு தூணின் மேல் தோன்றித் தேற்றினார். அது நடந்தது கி.பி. 40 என்பார்கள். மரியாள் அப்போது எருசலேமில் உயிரோடு இருந்த காலம் என்பது அந்தக் கதையின் அழகு. பிறகு யாகப்பர் ஊர் திரும்பித் தலை வெட்டுண்டார். சீடர்கள் உடலை வள்ளத்தில் ஏற்றினார்கள். சுக்கானும் இல்லை, பாயும் இல்லை. வள்ளம் தானாக ஓடி ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியாவில் கரை தட்டியது. சிலர் அது கல் வள்ளம் என்றும் சொல்லுவார்கள். நாங்கள் சிரிக்கத் தேவையில்லை. கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் சுவாமிகள் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதைப் பாடுகிற ஆட்கள் நாங்கள்.

அங்கே லூபா என்று ஓர் அரசி. உடலைக் கொண்டுபோக மாடு தருகிறேன் என்று சொல்லி, மலையில் திரிந்த முரட்டுக் காளைகளைப் பிடிக்க அனுப்பினாள், முட்டிச் சாகட்டும் என்று. காளைகள் பசு மாதிரி வந்து நுகத்தில் கழுத்தைக் கொடுத்தன. பிறகு 800 வருடம் சத்தமே இல்லை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற தபசி காட்டில் நட்சத்திர வெளிச்சம் கண்டார், ஆயர் தெயோதோமீர் போய்த் தோண்டினார், கல்லறை வெளிப்பட்டது. அதுதான் இன்றைய சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலா.

இனிக் குதிரை. 844இல் கிளாவிகோ என்ற இடத்தில் ராமீரோ என்ற அரசனுக்கும் மூர்களுக்கும் போர். அரசன் தோற்றுப்போய்ப் படுத்திருக்க, கனவில் யாகப்பர் வந்து, நாளை நான் வருகிறேன் என்றார். விடிந்ததும் வெள்ளைக் குதிரையில் வாளோடு இறங்கினார். அன்றிலிருந்து அவருக்கு 'மத்தமோரோஸ்', மூர்களைக் கொல்பவர், என்று பட்டம்.

ஒரு விஷயத்தை மட்டும் விடமாட்டேன். அந்தப் போரே நடக்கவில்லை என்பதுதான் சரித்திரகாரர் முடிவு. அந்தக் காலத்து எழுத்து எதிலும் அது இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒரு பட்டயம் வெளியே வருகிறது. வெற்றிக்கு நன்றியாக, ஸ்பெயினின் உழவர்கள் ஆண்டுதோறும் தானியமும் வைனும் யாகப்பர் கோயிலுக்கு அளக்க வேண்டும் என்று ராமீரோ எழுதிக் கொடுத்தானாம். பட்டயம் கள்ளப் பட்டயம். ஆனால் வரி கள்ளமில்லை, நூற்றாண்டுக் கணக்கில் வாங்கினார்கள். 1812இல் ஒருமுறை ஒழித்து, அது மறுபடி முளைத்து, 1834இல்தான் அடியோடு போனது. அரசன் கண்ட கனவுக்கு உழவன் வரி கட்டியிருக்கிறான்.

கரைவலை எழுதியது:

மாஸ்டர், அப்படியென்றால் அவர் ஸ்பெயினுக்குப் போனதும் பொய்யா?

ஓய்வு வாத்தியார் எழுதியது:

பொய் என்று ஒரு சொல்லில் முடிக்க மாட்டேன். போனார் என்று முதலில் எழுதிக் காண்பது 7ஆம் நூற்றாண்டில். அவர் இறந்து 600 வருடத்துக்குப் பிறகு. அது போக, பவுல் உரோமருக்கு எழுதும்போது, இன்னொருவர் போட்ட அத்திவாரத்தில் நான் கட்டமாட்டேன் என்று சொல்லி, அதே மூச்சில் ஸ்பெயினுக்குப் போக இருக்கிறேன் என்கிறார். அங்கே யாகப்பர் ஏற்கெனவே போயிருந்தால் பவுல் அப்படி எழுதியிருப்பாரா? பைபிள் படித்தவர்கள் சொல்லட்டும்.

மூப்பர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

உரோமர் 15. மாஸ்டர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். சைவக்காரர் எங்களை விட வடிவாகப் படித்து வைத்திருக்கிறார் :)

இனி சூனியக்காரன். அவன் பெயர் எர்மோகெனெஸ். யாகப்பர் யூதேயாவில் வேதம் சொல்லும்போது அவரை மடக்க இவன் தன் சீடன் பிலேத்துவை அனுப்பினான். போனவன் யாகப்பரின் பேச்சைக் கேட்டு மனம் மாறி வந்து, நீயும் வா என்று குருவையே கூப்பிட்டான். குருவுக்குக் கோபம். மந்திரத்தால் அவனைக் கட்டிப்போட்டு, உன்னுடைய யாகப்பர் அவிழ்க்கட்டும் பார்ப்போம் என்றான். யாகப்பர் தன் கைலேஞ்சியைக் கொடுத்து விட்டார். அது பட்டதும் கட்டு அவிழ்ந்தது.

அடுத்து எர்மோகெனெஸ் பேய்களை ஏவினான், யாகப்பரைக் கட்டிக்கொண்டு வா என்று. பேய்கள் போய், யாகப்பரின் சொல்லுக்கு அடங்கி, திரும்பி வந்து ஏவினவனையே கட்டித் தூக்கிக்கொண்டு போயின. (எங்கள் ஊரில் ஏவல் திரும்பினது என்பார்களே, அதுவேதான்.) இப்போது இவன் காலடியில் கிடக்கிறான். யாகப்பர் என்ன செய்தார்? குதிரையால் மிதிக்கவில்லை. பிலேத்துவைக் கூப்பிட்டு, உன்னைக் கட்டினவனை நீயே அவிழ்த்துவிடு என்றார். அவிழ்த்த பிறகும் அவன் போகவில்லை. வெளியே போனால் பேய்கள் கொன்றுவிடும் என்று பயம். யாகப்பர் தன் ஊன்றுகோலைக் கொடுத்து, இதைப் பிடித்துக்கொண்டு போ என்றார். அவன் வீட்டுக்குப் போய் மந்திர ஏடெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து எரிக்கப் போனான். எரித்தால் புகை பட்டு யாருக்கும் ஏதும் வந்துவிடும், கடலில் போடு என்றார் யாகப்பர்.

இதை எங்கள் அப்பப்பா கதையாகச் சொல்லும்போது அந்தப் புகைக்கு ஒருமுறை இருமிக் காட்டுவார். மூப்பராக இருந்தவர், நடிப்பும் கொஞ்சம் உண்டு.

இறந்த நாளிலும் இப்படி ஒன்று. இது பழையது, 4ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சரித்திரகாரர் எவுசேபியு எழுதி வைத்தது. யாகப்பரைக் காட்டிக்கொடுத்து நீதிமன்றத்துக்கு இழுத்து வந்தவன், அவர் சாட்சி சொன்ன விதத்தைப் பார்த்து, நானும் கிறிஸ்தவன் என்றுவிட்டான். இருவரையும் வெட்டக் கொண்டு போனார்கள். போகிற வழியில் அவன் மன்னிப்புக் கேட்டான். யாகப்பர் கொஞ்சம் யோசித்தாராம். அந்த யோசித்தது எனக்குப் பிடிக்கும். பிறகு, உனக்குச் சமாதானம் என்று சொல்லி முத்தம் கொடுத்தார். இரண்டு தலையும் ஒன்றாக விழுந்தன.

ஆகவே, அண்ணா, உங்கள் அம்மம்மா சொன்ன கதை இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் விழுந்தவன் எழுந்துவிட்டான்.

பனிக்குளிர் எழுதியது:

ரொறன்ரோவில் இருந்து. நான் அந்தக் கொம்பொஸ்தேலாவுக்கு நடந்து போனவன். முழுப் பாதை இல்லை. பிரான்ஸ் எல்லையிலிருந்து கிட்டத்தட்ட 780 கிலோமீற்றர், அதற்கு லீவும் இல்லை, முழங்காலும் இல்லை. சாரியா என்ற ஊரிலிருந்து கடைசி நூற்றுச்சொச்சம் கிலோமீற்றர். 100 கிலோமீற்றர் நடந்தாலே சான்றிதழ் தருவார்கள். வழி முழுக்கச் சிப்பி அடையாளம். கல்லில், சுவரில், தண்ணீர்ப் பைப்பில்கூட. நடக்கிற ஒவ்வொருத்தரும் பையில் ஒரு சிப்பியைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

சிப்பிக்கும் ஒரு கதை உண்டு. யாகப்பரின் உடல் வந்த வள்ளம் கரையை ஒட்டிப் போகும்போது, கடற்கரையில் ஒரு கலியாண ஊர்வலம். மாப்பிள்ளையின் குதிரை வெருண்டு கடலுக்குள் பாய்ந்து மாப்பிள்ளையோடு மூழ்கிவிட்டது. வள்ளம் கிட்ட வந்ததும் குதிரையும் ஆளும் உயிரோடு மேலே வந்தார்கள், உடம்பெல்லாம் சிப்பி ஒட்டியபடி. கரைவலை அண்ணை, நீங்கள் கேட்ட குதிரை கடலுக்குள்ளிருந்தும் வந்திருக்கிறது பாருங்கள்.

கொம்பொஸ்தேலாக் கோயிலுக்குள் மத்தமோரோஸ் சொரூபம் ஒன்று உண்டு. குதிரைக் காலடியில் வெட்டுண்ட மூர்கள். நான் போனபோது அடிப்பக்கம் முழுக்கப் பூ. ஆட்கள் தெரியாதபடிக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். 2004இல் அதை மியூசியத்துக்கு மாற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். பெரிய எதிர்ப்பு வந்தது, மாற்றவில்லை. பூ மட்டும் கூடிவிட்டது. கரைவலை அண்ணையின் மாலையையும் பட்டுத் துணியையும் வாசித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

வெட்டொன்று எழுதியது:

சரி, நானே கேட்கிறேன். ஸ்பெயின்காரன் சண்டை, ஸ்பெயின்காரன் சாமி. இங்கே எப்படி வந்தது? போர்த்துக்கேயன் கொண்டுவந்து தலையில் கட்டினது. அதை ஏன் தூக்கிக்கொண்டு சுற்றுகிறீர்கள்?

ஓய்வு வாத்தியார் எழுதியது:

பாதி சரி. போர்த்துக்கேயர் கொண்டுவந்ததுதான். அவர்களுக்கு யாகப்பர் நாள் என்றால் போருக்கு நல்ல நாள். அவர்களின் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைத் தாக்கத் தெரிந்தெடுத்தது 1511 யூலை 25. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்கள் கைக்குப் போனது.

மற்றப் பாதியைப் பாரும். 1647இல் தெல்லிப்பழை பேதுருப் புலவர், யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையிலுள்ள கிளாலியின் யாகப்பர் மேல் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடுகிறார். அம்மானை என்பது பெண்கள் காய் எறிந்து ஆடுகிற விளையாட்டுப் பாட்டின் மெட்டு. அந்நியன் கொண்டுவந்த சாமி 28 வருடத்தில் எங்கள் பெண்களின் விளையாட்டுப் பாட்டுக்குள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு 11 வருடத்தில், 1658இல், ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரைத் துரத்தினார்கள். கத்தோலிக்கம் தடை. குருமார் இல்லை, கோயில்கள் பறிபோயின. 1687இல் யோசேவ் வாஸ் முனிவர் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து சேரும்வரை சனம் ஒளித்து ஒளித்துத்தான் செபம் சொன்னது. கொண்டுவந்தவன் ஓடிப் போனான், சாமி நின்றுவிட்டார். தலையில் கட்டினதாக இருந்தால் ஒல்லாந்தன் வந்த அன்றே இறக்கி வைத்திருப்பார்களே?

இன்னும் ஒன்று, ஆதாரம் கேட்காதீர்கள், என் கண்ணுக்குப் பட்டது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளுவார். வேதக்கோயில் யாகப்பர் குதிரைகளில் நான் பார்த்த இரண்டொன்று, அதே வளைந்த கழுத்து, அதே பிதுங்கின கண். ஸ்பெயின் குதிரைக்கு அந்தக் கண் இருக்காது. அதே ஆசாரிமார்தான் செய்திருக்க வேண்டும்.

கிளாலி வள்ளம் எழுதியது:

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. கிளாலி என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

போரில் யாழ்ப்பாணத்துக்கான ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்ட காலம் உங்களில் பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இருந்தது கிளாலிக் கடல் ஒன்றுதான். இரவில்தான் ஓட்டம். வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கோர்த்து, முன் வள்ளத்தில் மட்டும் மோட்டர். வெளிச்சம் இல்லை, சுருட்டுக்கூடப் பற்றவிட மாட்டார்கள். நாகதேவன்துறையில் நேவி. எப்போது வருவான் என்று தெரியாது. 1993 தை 2ஆம் திகதி வந்தான், வள்ளத்தில் இருந்த சனம் செத்தது.

நான் அதே வருடம் மாசியில் கடந்தேன். எனக்கு 16 வயது. பக்கத்தில் ஓர் ஆச்சி. திருநீறு பூசின ஆச்சி. வள்ளம் தள்ளினதிலிருந்து அக்கரை தட்டும் வரை "யாகப்பா, யாகப்பா" என்று ஒரே சொல். என் அம்மா செபமாலை உருட்டினவ, உருட்டுகிறதை விட்டுவிட்டு ஆச்சியோடு சேர்ந்து அதையே சொன்னா. இறங்கினதும் ஆச்சி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து, தம்பி, திரும்பிப் போகிற வள்ளக்காரனிடம் குடு, கோயில் உண்டியலில போடச் சொல்லு என்றா. இரண்டு ரூபாய்க் குற்றி. கொடுத்தேன்.

பிறகு அந்தக் கரை முழுக்க முன்னரங்கு. கிளாலியிலிருந்து முகமாலை வரை மண் அணை. கோயிலுக்கு யாரும் போக வழியில்லை. சண்டை முடிந்தும் கண்ணிவெடி எடுக்கும்வரை பாதை விட்டு இறங்க ஏலாது.

அவர் ஸ்பெயினுக்குப் போனாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அந்தக் கயிற்றில் கோர்த்த வள்ளத்தில் ஏறாத ஆள் யாரும் எனக்குச் சரித்திரம் சொல்ல வேண்டாம். மாஸ்டர் கோபிக்காதேங்கோ.

ஓய்வு வாத்தியார் எழுதியது:

கோபம் என்ன தம்பி. நானும் அதே கடலைக் கடந்தவன்தான். கந்த சஷ்டி கவசம் சொன்னேன், பாதியில் மறந்துபோய்த் தொடக்கத்திலிருந்தே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சோனகதெரு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். புத்தளத்தில் இருக்கிறேன், பிறந்தது யாழ்ப்பாணம் சோனகதெரு.

மாஸ்டர் மூர் என்று எழுதினார். அந்தச் சொல் எங்கேயிருந்து எங்கே வந்தது என்று பாருங்கள். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் சண்டை பிடித்த முஸ்லிமுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. கப்பலேறி இங்கே வந்தார்கள், கொழும்பிலும் மன்னாரிலும் கடை வைத்திருந்த எங்கள் ஆட்களைக் கண்டார்கள், அதே பெயரை எங்களுக்கும் வைத்தார்கள். இன்றுவரை பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் நான் இலங்கை மூர். நான் மொரோக்கோவை வரைபடத்தில்தான் பார்த்தேன். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து எங்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் ஏற்று மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான்.

ஆகவே கரைவலை அண்ணையின் குதிரைக்குக் கீழே கிடக்கிறவர், பெயர்ப்படி பார்த்தால், நான்தான்.

வெளியேறுவது எங்களுக்கு அந்த ஒருமுறையோடு முடியவில்லை. 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டுப் போகப் புலிகள் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். அதைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன. சொல்ல வந்தது வேறு. எங்கள் வாப்பாவுக்குக் கடற்கரையில் ஒரு கூட்டாளி, கருவாடு வாங்கி விற்கிற பழக்கம். ஒவ்வொரு யூலையும் அவர் வீட்டிலிருந்து திருநாள் பலகாரம் வரும். வாப்பா ஒருமுறை எங்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் திருநாள் பார்க்கப் போனார். சுற்றுப்பிரகாரம் வந்தபோது என்னைத் தோளில் தூக்கி, பார் குதிரை என்று காட்டினார். எனக்குக் குதிரைதான் தெரிந்தது. கீழே யாரும் இருந்ததாக ஞாபகமே இல்லை. பட்டுத் துணி கட்டியிருந்திருப்பார்கள்.

குர்ஆனில் ஈஸா நபியின் தோழர்களை ஹவாரிய்யூன் என்று சொல்கிறது. பெயர் சொல்லவில்லை, நல்லவர்கள் என்று மட்டும் சொல்கிறது. எனக்கு உங்கள் யாகப்பரோடு ஒரு கோபமும் இல்லை.

மூப்பர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

நானா, இதை வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

வெட்டொன்று எழுதியது:

கழற்றுங்கள். இதற்கு மேல் என்ன யோசனை?

பனிக்குளிர் எழுதியது:

கழற்றுவது சுகம். ஆனால் வேறு ஒரு ஊரில் நடந்ததையும் கேளுங்கள். ஸ்பெயின்காரர் தென் அமெரிக்காவுக்கும் யாகப்பரைக் கொண்டு போனார்கள். 1536இல் குஸ்கோ நகரத்தை இன்காக்கள் முற்றுகையிட்டபோது அங்கேயும் வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கினாராம். அப்போது காலடியில் கிடந்தவர், ஸ்பெயின்காரர் 'இந்தியர்' என்று அழைத்த அந்த மண்ணின் ஆள். பெயரும் 'இந்தியரைக் கொல்பவர்' என்று மாறிற்று. அந்த மலைச் சனம் என்ன செய்தது? துவக்குச் சத்தத்தோடு வந்தவர், இடியின் மகன் என்று பட்டம் வேறு, இவர் எங்கள் இடித் தெய்வம் இல்லாபாதான் என்று சொல்லித் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சுதந்திரப் போர் வந்தபோது சில இடங்களில் காலடியில் ஸ்பெயின்காரன். ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான், குதிரை அதேதான்.

தங்கச்சிமடத்தில், இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், சந்தியாகப்பர் கோயில் இருக்கிறதே. அங்கே சொரூபம் எப்படி என்று யாராவது போய் வந்தவர்கள் சொன்னால் நல்லது.

கரைவலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோனகதெரு நானா, உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

இழையைச் சபைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். பாதிப் பேருக்கு மேல் கழற்றுவோம் என்றார்கள். பொருளாளர் மட்டும் பழைய சொரூபத்தில் கை வைக்கக்கூடாது என்று எழும்பிப் போய்விட்டார். பங்குச் சுவாமியோ, "நீங்களே முடிவெடுங்கள்" என்றுவிட்டார். சுவாமிமார் அப்படித்தான்.

நேற்றுப் பின்னேரம் ஆசாரியைக் கூட்டி வந்தோம். அவர் ஆணி இரண்டையும் தட்டிப் பார்த்தார், சொரூபத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், பிறகு குதிரையின் முன்காலைக் கையால் தாங்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, இந்த ஆளைக் கழற்றினா குதிரை நிக்காது." விளங்கவில்லை. காட்டினார். குதிரை பின்னங்கால் இரண்டில்தான் நிற்கிறது, முன்னங்கால் ஒன்று அந்தரத்தில், மற்றது அந்த மனிதனின் நெஞ்சில். யாகப்பரின் பாரம், குதிரையின் பாரம், தூக்கின வாளின் பாரம், எல்லாம் முன்பக்கம் சாய்ந்து அவன் மேல்தான் இறங்குகிறது. பழைய ஆசாரி அப்படித்தான் கணக்குப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார். நெஞ்சு இருக்கிற இடத்தில் மரம் அமுங்கி ஒரு குழி விழுந்திருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், பெருவிரல் முழுதாக உள்ளே போகிறது.

கழற்றுவதென்றால் அந்த இடத்துக்கு வேறொரு தாங்கு வேண்டும். சும்மா கட்டை வைத்தால் வடிவில்லை.

வெட்டொன்று எழுதியது:

இரும்புக் கம்பி?

ஓய்வு வாத்தியார் எழுதியது:

உப்புக்காற்றில் இரண்டு மாரிக்குள் துருவேறும் தம்பி. மரத்தையும் கெடுக்கும்.

சோனகதெரு எழுதியது:

சம்மாட்டி மகன் என்று தங்கச்சி எழுதினாவே. சுருட்டி வைத்த வலை ஒன்று செதுக்கச் சொல்லுங்கள். பாரம் தாங்கும் அளவுக்குக் குவியலாக.

மூப்பர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஓம்! அல்லது கடலில் போட்ட மந்திர ஏட்டு மூட்டை. அம்மம்மாவின் கதையும் நிற்கும்.

கரைவலை எழுதியது:

இரண்டையும் ஆசாரியிடம் கேட்டேன். ஏட்டு மூட்டை என்றால் பார்க்கிற சனம் சீமெந்துப் பை என்று நினைக்கும் என்கிறார். வலை செய்யலாம், ஆனால் கண் கண்ணாகக் கொத்துவது சில்லெடுப்பான வேலை, திருநாளுக்குள் முடியாதாம். வள்ளத்தின் அணியம் (முன்பக்கம்) மாதிரி ஒரு துண்டு என்றால் நாலு நாளில் தரலாம், முன்னங்கால் அதன் மேல் வடிவாக அமரும் என்கிறார். கூலியும் மரமும் எவ்வளவு என்று நாளைக்குச் சொல்லுவார்.

கழற்றுகிற ஆளை என்ன செய்வது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்குச் சபை அறையில் ஒரு மேசை துடைத்து வைத்திருக்கிறோம். வர்ணம் பூசுகிற தம்பி திரும்பவும் கேட்கிறான், தலைப்பாகைக்கு நிறம் வேண்டுமா வேண்டாமா என்று.